ஒரு கிரானுலைட், நான்கு கடிகாரங்கள்: எதை நம்பி நாள் குறிப்பது?

மேசைமேல் ஒரு கல் இருக்கிறது. வாளால் அறுத்த முகத்தில் மிளகு அளவுக்குச் சிவப்புக் கார்னெட்டுகள். அவற்றைச் சுற்றி எண்ணெய்ப் பசை பிடித்தது போன்ற ஃபெல்ட்ஸ்பார், அங்கங்கே நீலச் சாம்பல் குவார்ட்ஸ். 800 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெந்து, கண்ட மேலோட்டின் அடிப்பகுதியில் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து, பிறகு மேலே வந்து சேர்ந்த கிரானுலைட். இதற்கு வயது கண்டுபிடிக்க வேண்டும். கருவி நேரம் கிடைப்பது ஒரு முறைக்கு. கெஞ்சிக் கேட்டால் இரண்டுக்கு. கதிரியக்கத் தனிமங்கள் சீரான வேகத்தில் சிதைவதையே கடிகாரமாக்கும் நான்கு வழிகள் முன்னால் இருக்கின்றன: முழுப்பாறை ஐசோக்ரோன் (பல கற்களின் ஐசோடோப்பு விகிதங்களை ஒரு கோட்டில் பொருத்துவது), பிறகு ஜிர்கான், மோனசைட், கார்னெட் என்ற மூன்று கனிமங்கள். எதைப் பிடிப்பது?

வயது என்ன என்று யாராவது கேட்டால், எந்த நிகழ்ச்சியின் வயது என்று திருப்பிக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இப்படி ஒரு கல்லுக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு. அதன் மூலப்பாறை முதலில் உருவான நாள், வெப்பம் உச்சத்தைத் தொட்ட நாள், உள்ளே ஊறிய பாறைக்குழம்பு உறைந்த நாள், கடைசியாக ஆறி அடங்கிய நாள். இவற்றுக்கிடையே சில சமயம் பத்துக் கோடி ஆண்டு இடைவெளிகூட இருக்கும்.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கவுரி என்ற சிற்றூரைச் சுற்றிக் கிடக்கும் லூயிசியன் நைஸ் பாறைகளை (நைஸ் என்பது பட்டைபட்டையான உருமாற்றப் பாறை) எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் சாப்மனும் மூர்பாத்தும் அவற்றின் ஈய ஐசோடோப்புகளை அளந்து 268 கோடி ஆண்டு என்றார்கள். இரண்டே ஆண்டில் ஹாமில்டன் குழு, சமேரியம் நியோடிமியமாகச் சிதைவதை அளக்கும் சமேரியம்-நியோடிமியம் முறையில் 292 கோடி என்றது. பிறகு வந்த ஜிர்கான் அளவீடுகளில் இரண்டு உருமாற்றத் தேதிகள் தலைகாட்டின: 270 கோடியை ஒட்டி ஒன்று, 250 கோடியை ஒட்டி இன்னொன்று. கிரானுலைட் நிலை எதைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். இத்தனைக்கும் யாரும் தப்பாக அளக்கவில்லை. அவரவர் கடிகாரம் அவரவருக்குத் தெரிந்த நிகழ்ச்சியைச் சொன்னது, அவ்வளவுதான்.

ஆகவே கடிகாரங்களை ஒப்பிடும் முன், அந்தக் கல்லுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

வெந்த கல்லிலிருந்து எது வெளியேறும்

களிமண் படிவாக இருந்து உருமாறிய பாறையில் நீர் தனியாகத் தேங்கி நிற்பதில்லை. பயோட்டைட் என்ற கருப்பு மைக்காவின் படிக அமைப்புக்குள் கட்டுண்டு கிடக்கும். வெப்பம் 750 முதல் 850 டிகிரிக்குள் ஏறும்போது அந்த மைக்கா குவார்ட்ஸோடு வினைபுரிந்து சிதைகிறது. அதன் இடத்தில் கார்னெட்டோ ஆர்த்தோபைராக்சீன் என்ற நீரற்ற கனிமமோ வருகிறது, கூடவே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் கொஞ்சம் பாறைக்குழம்பும். நீரெல்லாம் குழம்பில் கரைந்துவிடும். குழம்பு மேலே வடிந்துபோனால் மிஞ்சுவது காய்ந்துபோன சக்கை. அந்தச் சக்கைதான் கிரானுலைட்.

குழம்பு போகும்போது சும்மா போவதில்லை. சீசியம், ருபீடியம், யுரேனியம் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டு போகிறது. ரட்னிக்கும் காவோவும் 2003இல் தொகுத்த மதிப்பீட்டில் மேல் மேலோட்டில் யுரேனியம் பத்து லட்சத்தில் 2.7 பங்கு, கீழ் மேலோட்டில் 0.2 பங்கு. தோரியம் 10.5க்கு 1.2. பொட்டாசியம் ஆக்ஸைடு 2.8 சதவீதத்துக்கு 0.6. இந்த வேறுபாடு முழுவதையும் குழம்பின் தலையில் கட்டிவிடக் கூடாது. கீழ் மேலோடு பெரும்பாலும் பசால்ட்டை ஒத்த, சிலிக்கா குறைந்த பாறை. அதில் இந்தத் தனிமங்கள் முதலிலேயே குறைவு. ஆனாலும் லூயிசியன் போன்ற இடங்களில் யுரேனியமும் ருபீடியமும் அடியோடு துடைத்தெடுக்கப்பட்டிருப்பதை உருகலையும் நீர்மத்தையும் (பாறையிடுக்குகளில் ஊடுருவும் நீர், கார்பன் டை ஆக்ஸைடு போன்றவை) விட்டால் வேறு எதை வைத்தும் விளக்குவது கடினம்.

தோரியம் கொஞ்சம் வீம்புக்காரத் தனிமம். மோனசைட் கரையாமல் மிஞ்சினால் தோரியமும் அதோடு கல்லிலேயே தங்கிவிடும். அதனால் யுரேனியம் போய்த் தோரியம் மட்டும் நிற்கும் கிரானுலைட்டுகள் சாதாரணம். இது வெறும் அட்டவணைச் செய்தி அல்ல. எந்தக் கடிகாரத்துக்கு எந்தக் கல்லில் எரிபொருள் மிஞ்சியிருக்கிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. கல்லைக் காய வைத்தது உருகல் அல்ல, ஆழத்திலிருந்து வந்த கார்பன் டை ஆக்ஸைடு என்று சொல்லும் கட்சி. கர்நாடகத்தின் கப்பல்துர்கா குவாரியில் சாம்பல் நிற நைஸ், பிளவுகளை ஒட்டித் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் என்ற கரும்பச்சைக் கிரானுலைட் வகைப் பாறையாக மாறியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஜனார்தன், நியூட்டன், ஸ்மித் மூவரும் 1979இல் அதை நீரின் அழுத்தம் குறைந்த சூழலில் நடந்த உருமாற்றம் என்று எழுதிய பிறகு அந்தக் குவாரி உலகப் புகழ் பெற்றது. அந்தத் திட்டுகளுக்கு அது பொருந்தலாம். பரந்த கிரானுலைட் நிலப்பரப்புகளுக்கு உருகலே முதல் காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. (சார்னோகைட் என்ற பெயரின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது. பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் சூட்டினார்.)

முழுப்பாறை: வேதியியலுக்கு ஆம், தேதிக்கு இல்லை

ஒரே பாறைத் தொகுதியிலிருந்து ஏழெட்டுக் கற்களை எடுத்து, முழுதாக அரைத்து, ஐசோடோப்பு விகிதங்களைக் கோட்டில் பொருத்தி வயது சொல்வது பழைய முறை. ருபீடியம்-ஸ்ட்ரோன்ஷியத்தைப் பொறுத்தவரை கிரானுலைட்டில் இது ஏறக்குறைய வீண்வேலை. ருபீடியம் போய்விட்ட கல்லில் ஸ்ட்ரோன்ஷியம்-87 வளர்வதே இல்லை என்னும் அளவுக்கு மெல்ல வளரும். கோட்டின் இரு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் சாய்வை எப்படி அளப்பது?

சமேரியம்-நியோடிமியம் கொஞ்சம் தேவலாம். இரண்டும் அவ்வளவு எளிதில் நகராதவை. ஆனால் சமேரியம்-147இன் அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு. முழுப்பாறைகளுக்கிடையே சமேரியம்-நியோடிமியம் விகிதம் பெரிதாக வேறுபடுவதும் இல்லை. இந்த நிலையில் இரண்டு வேறு மூலங்கள் கலந்திருந்தாலும் அழகான நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வை வயது என்று நம்பி ஏமாந்த கட்டுரைகள் ஒரு காலத்தில் நிறையவே வந்தன. கோடு உண்மையாகவே வயதைக் காட்டினாலும், அது பெரும்பாலும் மூலப்பாறை, மேலோட்டுக்கு அடியிலுள்ள மேலுறையிலிருந்து பிரிந்த காலமாகத்தான் இருக்கும். ஸ்கவுரியின் 292 கோடி அந்த வகை.

ஈயத்தின் கதை வேறு. யுரேனியம் வெளியேறிய பிறகு ஈய ஐசோடோப்புகள் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நின்றுபோன கடிகாரம் தான் நின்ற நேரத்தையே காட்டிக்கொண்டிருக்குமே, அதே போலத்தான். லூயிசியன் பாறைகளில் மூர்பாத், வெல்க், கேல் மூவரும் 1969இலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு அப்படி யோசித்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் யுரேனியம் முழுக்கத் துடைக்கப்பட்ட தொகுதி நமக்கு வாய்க்க வேண்டும். வாய்க்காத இடங்களே அதிகம்.

ஆகவே முழுப்பாறையை அளக்கத்தான் வேண்டும், ஆனால் வயதுக்காக அல்ல. மூலப்பாறை என்ன, எவ்வளவு குழம்பை இழந்தது, மோனசைட்டுக்குத் தேவையான அருமண் தனிமங்கள் (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலானவை) இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அதுதான் மலிவான வழி.

ஜிர்கான்: நினைவாற்றல் அதிகம், அதுவே தொல்லை

ஜிர்கானின் புகழ் நியாயமானது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு ஜிர்கான் மணி (தானியம் போன்ற சிறு படிகம்) 440 கோடி ஆண்டுப் பழமையை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. படிகம் வளரும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு யுரேனியம் சிதைந்து உண்டாகும் ஈயத்தை, படிகம் சேதமடையாமல் இருக்கும்வரை, 900 டிகிரியிலும் எளிதில் வெளியே விடாது. இரண்டு யுரேனிய ஐசோடோப்புகள் (238 ஈயம்-206 ஆகவும், 235 ஈயம்-207 ஆகவும் சிதையும்) இரண்டு வேகத்தில் ஓடுவதால் ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரம். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

கிரானுலைட்டில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். மூலப்பாறையின் ஜிர்கான் அழியாமல் மையமாக நிற்கும். உருமாற்றத்தில் வளர்ந்தது அதன்மேல் மெல்லிய ஓடாகப் படியும். எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதைப் பிடிக்கும் கத்தோட்-ஒளிர்வுப் படத்தில் பார்த்தால் நடுவில் மெல்லிய வரிவரியாகக் கருத்த மையம், அதைச் சுற்றி வெள்ளையாக ஒளிரும் விளிம்பு. அந்த விளிம்பு 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அளப்பதற்காக மணியைச் சுரண்டும் லேசரின் புள்ளி 30 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மையம் 290 கோடி, விளிம்பு 250 கோடி, புள்ளியில் இரண்டும் பாதிப்பாதி, யுரேனியமும் சம அளவு. யுரேனியம்-238 கடிகாரம் 270 கோடி என்று காட்டும். ஈயம் 207க்கும் 206க்கும் உள்ள விகிதம் 273 கோடி என்று காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம். லேசர் முறையின் பிழைக்குள் அது மறைந்தே போகும். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகின்றன என்று நாம் மகிழ்ந்து, 270 கோடியில் ஏதோ ஒரு பெரும் நிகழ்ச்சி நடந்ததாக எழுதிவிடுவோம். இந்தக் கற்பனைக் கல்லில் அப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கவே இல்லை. மையமும் விளிம்பும் வயதில் மிக விலகியிருந்தால் இந்தத் தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். இப்படி நெருங்கியிருந்தால்தான் ஆபத்து. பழம்பாறைகளில் இவை இப்படி நெருங்கியே இருக்கின்றன.

கருவித் தேர்வும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. மணியை முழுதாகக் கரைத்து அளக்கும் முறை ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழ் துல்லியம் தரும். ஆனால் மையமும் ஓடும் சேர்ந்த மணியைக் கரைத்தால் கிடைப்பது மிகத் துல்லியமான கலவை. 1980 வாக்கில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான ஷ்ரிம்ப் என்ற அயனிக்கற்றைக் கருவியும் அதன் வாரிசுகளும் ஒரு சதவீதப் பிழையோடுதான் அளக்கும். அதற்கு அவை தோண்டுவது 20 முதல் 30 மைக்ரான் அகலம், ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம், அவ்வளவே. லேசர் அதே அகலத்தில் பத்து மடங்கு ஆழம் போகும். அடியில் மையம் ஒளிந்திருந்தால் அதையும் வாரிக்கொண்டு வரும். விளிம்பு மெல்லியதாக இருக்கும் கல்லுக்கு அயனிக்கற்றைக் கருவியில் நேரம் கேட்டுக் காத்திருப்பேன். அகலமான விளிம்பு என்றால் லேசரே போதும். ஒரே நாளில் நூறு புள்ளிகளை முடித்துவிடலாம்.

சரி, விளிம்பின் வயது சுத்தமாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எந்தத் தேதி? உச்ச வெப்பத்தின் தேதி என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். ராபர்ட்ஸும் ஃபிங்கரும் 1997இலேயே இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். வெப்பம் ஏற ஏறக் குழம்பு, ஜிர்கானின் அடிப்படைத் தனிமமான சிர்க்கோனியத்தை அதிகம் கரைத்துக்கொள்ளும். அந்நேரம் ஜிர்கான் வளராது, கரையும். குழம்பு ஆறும்போதுதான் மறுபடி படியும். எனவே விளிம்பு பெரும்பாலும் உச்சம் தாண்டி, குழம்பு உறைந்த காலத்தைச் சொல்கிறது. கார்னெட்டும் ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமமும் சிதைந்து சிர்க்கோனியத்தை விடுவிக்கும்போது வளர்வது தனிக் கணக்கு.

விளிம்பை உருமாற்றத்தோடு கட்டிப்போட ஒரு வழி இருக்கிறது. தேதி எடுத்த அதே இடத்தில் அருமண் தனிமங்களையும் டைட்டானியத்தையும் அளப்பது. கார்னெட் கனமான அருமண் தனிமங்களை விழுங்கும் கனிமம். அது பக்கத்தில் இருக்கும்போது வளர்ந்த ஜிர்கானின் அருமண் தனிம வரைபடத்தில் கனமான பக்கத்துக் கோடு தட்டையாக இருக்கும், இல்லாதபோது வளர்ந்ததில் செங்குத்தாக ஏறும். டைட்டானிய அளவு வளர்ந்த வெப்பநிலையைச் சொல்லும். தோரியம்-யுரேனியம் விகிதம் 0.1க்குக் கீழே இருந்தால் உருமாற்ற ஜிர்கான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது மட்டும் வேண்டாம். தோரியத்துக்குப் போட்டியாக மோனசைட் இல்லாத கல்லில், மிகச் சூடான கிரானுலைட்டுகளில், உருமாற்ற ஜிர்கானிலும் அந்த விகிதம் தாராளமாக உயரும்.

அண்டார்டிகாவின் நேப்பியர் தொகுதி ஒரு தனி எச்சரிக்கை. ஆயிரம் டிகிரியை எட்டிய பாறைகள் அவை. சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. அங்குள்ள சில ஜிர்கான்களில் ஈயம் வெளியேறவில்லை, உள்ளுக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது. 2015இல் வெளியான ஆய்வில் அந்த மணிகளுக்குள் நானோமீட்டர் அளவில் உலோக ஈய உருண்டைகளையே கண்டார்கள். புள்ளி அந்த உருண்டைகள்மேல் விழுந்தால் உண்மையைவிடக் கூடுதலான வயது வரும். ஆகப் பழைய ஒரே ஒரு புள்ளியைத் தலைப்பில் போட ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மோனசைட்: என் முதல் தேர்வு, ஒரு நிபந்தனையோடு

களிமண் மூலப்பாறை என்றால் நான் முதலில் தேடுவது மோனசைட்டைத்தான். இலகு அருமண் தனிமங்களின் பாஸ்பேட். உள்ளே சில சதவீதம் தோரியம். 6 சதவீதத் தோரியம் உள்ள மணியில் 55 கோடி ஆண்டில் தோரியத்திலிருந்து மட்டுமே சுமார் 0.15 சதவீத ஈயம் சேர்ந்துவிடும். மெல்லிய எலக்ட்ரான் கற்றையால் தனிமங்களை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் நேராக அளக்கப் போதுமான அளவு அது. ஐசோடோப்புகளைப் பிரிக்காமல் தோரியம், யுரேனியம், மொத்த ஈயம் மூன்றையும் மட்டும் வைத்து வயது கணிக்கும் முறை 1990களில் வளர்ந்தது இப்படித்தான். கற்றை ஒன்றிரண்டு மைக்ரான்தான். துல்லியம் குறைவு, இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியாது. ஆனால் மணியைப் பாறைச் சீவலில் (நுண்ணோக்கியில் பார்க்க மெலிதாகத் தேய்த்த துண்டில்) இருக்கும் இடத்திலிருந்து பெயர்க்கவே வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வசதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு சீவலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்னெட் ஒன்று. அதன் வயிற்றுக்குள் அடைபட்ட ஒரு மோனசைட். கார்னெட்டின் ஓரம் சிதைந்து கார்டியரைட் என்ற வேறொரு கனிமம் வளர்ந்த இடத்தில் இன்னொரு மோனசைட். முதலாவதில் இட்ரியம் அதிகம், இரண்டாவதிலும் அதிகம். கார்னெட்டுக்கு வெளியே நல்ல ஃபெல்ட்ஸ்பாருக்கு நடுவில் நிற்கும் மூன்றாவதில் மட்டும் குறைவு. இட்ரியத்தை விழுங்குவது கார்னெட். ஆக முதலாவது கார்னெட் பிறப்பதற்கு முன்பும், மூன்றாவது அது செழித்திருந்தபோதும், இரண்டாவது அது அழிந்தபோதும் வளர்ந்தவை. மூன்று புள்ளியில் மூன்று தேதி வாங்கினால் கார்னெட்டின் வாழ்நாள் கையில். இதே மூன்று மணிகளையும் கல்லை நொறுக்கிப் பிரித்தெடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பரவிக் கிடக்கும் மூன்று வயதுகளும், அவற்றுக்குச் சராசரி எடுக்கலாமா என்ற விவாதமும்தான்.

நிபந்தனை இது. மோனசைட்டிலிருந்து ஈயம் வெப்பத்தால் எளிதில் கசியாது. ஆனால் நீர்மம் பட்டால் மணியே ஓரமாகக் கரைந்து புதிதாகப் படியும். காரத்தன்மை கொண்ட நீர்மத்தில் 450 டிகிரியிலேயே இது நடப்பதைப் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். கிரானுலைட் ஆறி, மேலே வரும் வழியில் நீர்மம் ஊடுருவிய கல்லாக இருந்தால், மோனசைட் சொல்லும் கடைசித் தேதி அந்த நீர்மத்தின் தேதி. மைக்கா மறுபடி முளைத்திருக்கிறதா, ஃபெல்ட்ஸ்பார் கலங்கியிருக்கிறதா என்று சீவலில் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். கால்சியம் அதிகமுள்ள கல்லில் இந்த யோசனையே தேவையில்லை. அங்கே மோனசைட் இராது, அதன் சரக்கை அலனைட், அபடைட் என்ற கனிமங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்.

தென்னிந்தியாவில் பாலக்காடு-காவிரி நொறுங்கு மண்டலத்துக்குத் தெற்கே உள்ள, களிமண் படிவிலிருந்து உருமாறிய கோண்டலைட் வகைப் பாறைகளுக்கு மோனசைட் மிகப் பொருத்தமாக அமைந்தது. 55 கோடி ஆண்டைச் சுற்றிய தேதிகள் அங்கே திரும்பத் திரும்பக் கிடைத்தன. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலம் அது. மண்டலத்துக்கு வடக்கே 250 கோடியை ஒட்டிய பழம்பாறைகள் நிற்கின்றன.

கார்னெட்: நேர்மையான சாட்சி, கோபக்கார ஆய்வக வேலை

அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கிட நாம் பயன்படுத்தும் கனிமமே கார்னெட்தான். அதற்கே வயது எடுத்தால் இடையில் தரகர் தேவையில்லை. ஜிர்கானிலும் மோனசைட்டிலும் செய்வது போல, இது கார்னெட்டோடு வளர்ந்ததுதானா என்று சுற்றி வளைத்து நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

வேலைதான் கடினம். கார்னெட்டுக்கு வயது எடுப்பது சமேரியம்-நியோடிமியம் அல்லது லுட்டீசியம்-ஹாஃப்னியம் முறையில். ஆனால் கார்னெட்டில் நியோடிமியம் மிகக் குறைவு. பத்து லட்சத்தில் அரைப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மோனசைட்டில் நியோடிமியம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் கார்னெட்டின் எடையில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மோனசைட் உள்ளே ஒளிந்திருந்தாலே போதும், அளக்கும் நியோடிமியத்தில் பாதி அதனுடையதாகிவிடும். அந்த மோனசைட் கார்னெட்டோடு ஒரே காலத்தில் வளர்ந்தது என்றால் துல்லியம் மட்டும் போகும். மூலப்பாறையிலிருந்து வந்த பழையது என்றால் வயதே போகும். நான் முதன்முதலில் பிரித்த கார்னெட் பொடியை இரண்டு வாரம் நுண்ணோக்கியின் கீழ் குனிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. அமிலத்தில் ஊற வைத்து மாசைக் கழுவும் படியை மட்டும் அவசரத்தில் சுருக்கிவிட்டேன். வந்த வயது ஜிர்கான் மையத்தையும்விடப் பழையதாக இருந்தது! பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு மைக்ரான் வெள்ளைப் புள்ளிகள் உள்ளே பொரிபொரியாகக் கிடக்கின்றன.

லுட்டீசியம் ஹாஃப்னியமாகச் சிதைவதை அளக்கும் முறைக்கு இதே தொல்லை ஜிர்கான் வடிவில் வரும். ஜிர்கானில் ஒரு சதவீதம் ஹாஃப்னியம். நல்லவேளையாக, உயர் அழுத்தக் குடுவையைத் தவிர்த்துத் திறந்த தட்டில் மிதமான சூட்டில் கரைத்தால் கார்னெட் கரையும், ஜிர்கான் பெரும்பாலும் கரையாமல் அடியில் நிற்கும்.

இதைவிடப் பெரிய வரம்பு வெப்பம். 850 டிகிரியைத் தாண்டி நெடுங்காலம் கிடந்த கார்னெட்டில் தனிமங்கள் உள்ளுக்குள் ஊர்ந்து சமப்பட்டுவிடும். மெக்னீசியம்-இரும்பு வரைபடத்தில் மையத்திலிருந்து ஓரம்வரை ஒரே மட்டமாக இருந்தால் சமேரியம்-நியோடிமியம் வயது வளர்ந்த நாளைச் சொல்லாது, ஆறிய நாளைத்தான் சொல்லும். லுட்டீசியம் முறை இன்னும் சற்று உயரம்வரை தாங்கும். ஆனால் ஓரம் கரைந்து சிதைந்த கார்னெட்டில், கரைந்த பகுதியின் லுட்டீசியம் மிச்சமுள்ள விளிம்புக்குள்ளேயே திரும்பிப் புகுந்துவிடும், ஹாஃப்னியமோ வெளியே போய்விடும். அதனால் வயது பொய்யாக இளமையாகும்.

எந்தக் கல்லுக்கு எது

களிமண் மூலப்பாறை, நீர்மத் தடயம் இல்லை: சீவலிலேயே மோனசைட். இரண்டாவது முறைக்கு நேரம் கிடைத்தால் அதே சீவலில் ஜிர்கானைத் தேடுவேன். கார்னெட்டை இங்கே எடுக்க மாட்டேன், வெப்பம் 800ஐத் தாண்டவில்லை என்று உறுதியானால் ஒழிய.

சார்னோகைட், டோனலைட் நைஸ் போன்ற தீப்பாறை மூலம்: ஜிர்கான், தனிம அளவீட்டோடு சேர்த்து. இங்கே மோனசைட் கிடைப்பது அதிர்ஷ்டம். மூலப்பாறையின் வயதும் உருமாற்றத்தின் வயதும் ஒரே மணியிலிருந்து கிடைக்கும் வாய்ப்பு இந்த வகைக்குத்தான் அதிகம். ஆக்சிஜன் ஐசோடோப்பையும் அளக்க முடிந்தால், மையம் மேலுறைக் குழம்பில் பிறந்ததா, பழைய படிவுப் பாறையை விழுங்கிய குழம்பில் பிறந்ததா என்பதும் தெரியும். மேலுறைக்குரிய மதிப்பு ஆயிரத்துக்கு 5.3ஐ ஒட்டி நிற்கும்.

பசால்ட் மூலக் கிரானுலைட்: இங்கே மோனசைட் இல்லை, ஜிர்கான் அரிது, இருந்தாலும் தூசி அளவு. கார்னெட் லுட்டீசியம்தான் ஒரே உருப்படியான வழி. எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை.

கல் எப்போது ஆறியது என்பதுதான் கேள்வி என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ரூட்டைல் என்ற டைட்டானிய ஆக்ஸைடுக் கனிமத்தை எடுங்கள். அதில் ஈயம் கசிவது ஏறத்தாழ 600 டிகிரியை ஒட்டி அடங்குகிறது. அதன் சிர்க்கோனிய அளவோ பெரும்பாலும் அதைவிட உயர்ந்த வெப்பத்தை நினைவில் வைத்திருக்கும்.

ஜிர்கானா மோனசைட்டா என்று வாதாடுவதில் நேரம் போகிறது. அதைவிடப் பெரிய முடிவு கல் உடைப்பானுக்குள் போகும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. நொறுக்கிப் பிரித்தால் நூற்றுக்கணக்கான மணிகள் கிடைக்கும், ஆனால் எது எதன் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் போய்விடும். சீவலில் தேடினால் பத்துப் பதினைந்து மணிகள்தான், அவையும் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கம் உண்டு. நேரம் ஒரு முறைக்கு மட்டும் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். கையில் உள்ள கல்லைப் பட்டைப் போக்குக்குக் குறுக்காக வாளால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் கார்னெட் அடர்ந்த பக்கத்திலிருந்து மூன்று சீவல்கள். இன்னொரு பாதி எண் எழுதி, அறுத்த முகம் மேலே தெரிய, பெட்டியில். சீவல்களின் ஈயமும் இட்ரியமும் வந்து சேரும்வரை அந்தப் பாதிக்குச் சுத்தியல் கிடையாது.